எந்த வெர்ஷன்?

கணினி விளையாட்டுகளில் ரசிகர்களே மாற்றங்கள் செய்ய உதவும் இலவச மென்பொருள் ஒன்றுக்குப் பங்களிக்க ஆசைப்பட்டு, தேவிகுளத்து இளைஞன் ஜிபி ஒரு வாரமாகத் தன் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும் கம்பைலர் உட்பட, வழிகாட்டிப் பக்கத்தில் சொன்ன வெர்ஷன்படியே எல்லாவற்றையும் நிறுவியும் பிழைதான் வந்தது.

இப்போது தங்கை பெனிட்டாவும் அதையே ஆரம்பித்துவிட்டாள். பள்ளி நாளிலிருந்தே அவன் தொட்டதிலெல்லாம் அவள்தான் முந்துவாள். ஜிபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, வழிகாட்டி தெறக்கவே மாட்டேங்கு. கம்பைலர் எந்த வெர்ஷன் போடணும்? நீ பாத்திருப்பல்லா?”

“எட்டு” என்றான் ஜிபி.

மறுநாள் காலை அவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, பங்களிச்சவங்க பட்டியல்ல என் பேரு வந்திருச்சு!”

ஜிபி அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்: “ஒரே நாள்ல அப்படி என்னத்த எழுதிக் கிழிச்ச?”

“ஒண்ணுமில்ல. எட்டு போட்டதும் ஓடிருச்சு. அப்புறம் வழிகாட்டி தெறந்துச்சு, அதுலயே வெர்ஷன் தப்புன்னு எழுதி அனுப்பினேன், திருத்திட்டாங்க. அதுல ஏழுன்னுல்லா போட்டிருந்தாங்க! நல்லவேளை, நீ எட்டுன்னு சொன்ன. உனக்கு எப்படிண்ணே தெரிஞ்சது?”

அவள் தோற்கட்டும் என்றுதான் ஜிபி வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருந்தான்.

அவனுடைய லேப்டாப்பில் இன்னும் ஏழுதான் இருந்தது.