முள் எடுத்துக் கொடுக்கிறவள்

எதிர்ச்சாரி மருந்துக்கடை நிழலில் நின்றபடி நஜீமா அந்தப் பொரித்த மீன் கடைக்குள் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு கடைக்காரர் சாமிக்கண்ணு. வாசலோரம் சிரித்துக்கொண்டே இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள். மூலை மேசையில் அவளுடைய கணவர், ஜவுளிக்கடை அன்வருதீன். அவருக்கு எதிரே, தெருவுக்கு முதுகு காட்டியபடி, சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி.

மொத்தம் ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆளைத் தேடித்தான் நஜீமா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, ஆட்டோ பிடித்து மிஷன் வீதிக்கு வந்திருந்தாள்.

அன்வருதீனுக்கு எட்டு வயதில் தொண்டையில் மீன் முள் சிக்கி, உயிர் போய் வந்தது. அன்றிலிருந்து யாராவது முள் எடுத்து வைத்தால்தான் அவர் மீனைத் தொடுவார். முதலில் அவருடைய அம்மா எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு நஜீமா.

மாமியார் பீரோ சாவியைக் கொடுக்கப் பத்து வருஷம் ஆனது. முள் எடுக்கும் வேலையை மட்டும் கல்யாணத்தின் மறுநாளே கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷமாக நஜீமா அந்த இடத்தைப் பெற்ற மகளுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது இரண்டு மாதமாக, வீட்டில் மீன் என்றால் அவர் தட்டை நகர்த்திவிடுகிறார். போன வாரம் பெரிய மார்க்கெட்டில் சங்கரா வாங்கி, பொரித்து, அரைமணி நேரம் உட்கார்ந்து முள் பிரித்து வைத்தாள். ஒரு வாய் வைத்தவர், சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "ஒத்துக்கல" என்று எழுந்துவிட்டார்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினால் சட்டையெல்லாம் பொரித்த மீன் வாசனை. வெளியில் மீன் சாப்பிடுகிறார் என்றால், வெளியில் முள் எடுத்துக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள். இதில் நஜீமாவுக்குச் சந்தேகமே இல்லை.

கடைக்குள் அன்வருதீனின் தலை பின்னால் சாய்ந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு ரசிக்கும்போது அவர் அப்படித்தான் சாய்வார். தன் கைப்பக்குவத்துக்கு மட்டுமே சாயும் என்று அவள் இருபத்தாறு வருஷம் நம்பிய தலை. நஜீமாவுக்கு வயிறு எரிந்தது.

காரைக்காலில் இருக்கும் அக்கா ஹபீபாவை அழைத்தாள்.

"அக்கா, வெளியில ஒருத்தி இருப்பான்னு நீ சொன்னது சரியாப் போச்சு. இப்ப என் ரெண்டு கண்ணால பாத்துக்கினு நிக்கிறேன். சிவப்புச் சேல, வெள்ளக் கர. எதுருலயே உக்காந்திருக்கா!"

"யா அல்லா! ஆளு எப்பிடிடி?"

"ஒல்லியா, நெட்டையா. நிமிந்து உக்காந்தவ இந்தப் பக்கம் ஒரு வாட்டிகூடத் திரும்பல. என்னா திமிரு!"

"அங்கயே நில்லு. நான் தம்பியக் கார எடுக்கச் சொல்றேன்."

நஜீமா நிற்கவில்லை. அவள் குடும்பத்துப் பெண்கள் தெருவில் நின்று குரல் உயர்த்தியதில்லை. ஆகவே கடைக்குள் போய் உயர்த்தினாள்.

"ஏம்மா, அடுத்தவ புருசனுக்கு முள்ளு எடுத்துக் குடுக்கத்தான் சிங்காரிச்சிக்கினு வந்தியா?"

சிவப்புச் சேலைக்காரி அசையவில்லை. நஜீமா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். கைக்கு அகப்பட்டது துணி. அதற்குள்ளே இரும்புக் கம்பி. காற்றடிக்கிறதென்று மடக்கி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த, வெள்ளைக் கரை போட்ட சிவப்பு வாசல் குடை, தடாலென்று தரையில் விழுந்தது.

கல்லூரிப் பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். சாமிக்கண்ணு கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். "அடி கிடி படலியேம்மா? கொடய நான்தான் அங்க வச்சேன்."

அன்வருதீன் எழுந்து நின்றார். கோபப்படவில்லை. அதுவே நஜீமாவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சரி, கொடதான். அப்ப முள்ளு? முள்ளு யாரு எடுத்துக் குடுக்கிறா?"

"இந்த மீன்ல முள்ளே கெடயாதும்மா," என்றார் சாமிக்கண்ணு. "வெறும் சதைய மட்டும் சீவி, மாவுல முக்கிப் போடறது. ஃபிஷ் அண்ட் சிப்ஸ்னா அப்பிடித்தான். பாய் அதுக்குன்னுதான் வராரு."

நஜீமா தட்டை விரலால் தடவினாள். மொறுமொறுப்பான மேல் மாவு உடைந்து, சூடாக, பூப்போல உதிர்ந்தது மீன். பக்கத்தில் விரல் கனத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல். ஒரு முள் தட்டுப்படவில்லை. எதிரே இருந்தவள் குடையாகிப் போனதால், வயிற்றெரிச்சல் அப்படியே இந்த மீனின் மேல் திரும்பியது.

"நான் மட்டும் என்ன, முள்ளோடவா போடுறேன்? இருவத்தாறு வருசத்துல ஒரு முள்ளு வந்திருக்குமா உங்க வாய்ல?"

"வந்ததில்ல," என்றார் அன்வருதீன். தொண்டையை ஒருமுறை தடவிக்கொண்டார். "இந்த ரெண்டு மாசமாத்தான் வருது, நஜீமா. ஒவ்வொரு வாய்லயும் வருது."

நஜீமா தரையில் கிடந்த குடையைப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தபோதும் அது சேலையாகத்தான் தெரிந்தது.

கைப்பேசி அலறியது. ஹபீபா. விஷயம் அதற்குள் காரைக்காலைத் தாண்டி நாகூர்வரை போயிருந்தது.

"தம்பி கெளம்பிட்டான்டி! மச்சான் வீட்டுக்காரங்களுக்கும் சொல்லிட்டேன். அந்தப் பொம்பள இன்னும் அங்கதான் இருக்காளா?"

நஜீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"பொம்பள யாரும் இல்லக்கா. எனக்குத்தான் கண்ணு தெரியல."