வால்வுக்குள் வண்டு

“இன்னும் கத்துது மாமே! ஃப்ரிட்ஜையும் ஆஃப் பண்ணு!” என்று நண்பர் பால்ராஜ் கூவ, சம்பந்தம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். டிவி, மிக்ஸி, வாஷிங்மெஷின் எல்லாம் காலையிலேயே வாயடைத்துக் கிடந்தன.

ம்ஹூம். வால்வ் ஆம்ப்ளிஃபயரின் அந்த ‘ங்ங்ங்’ ஒரு நூல்கூடக் குறையவில்லை.

பாட்டு கேட்பதற்காக, பல்புபோல ஒளிரும் பழைய ரேடியோ வால்வ்களைக் கொண்டு, ஒவ்வொரு ஒயராகப் பற்றவைத்து சம்பந்தம் தன் கையாலேயே செய்த பெட்டி அது. அடுத்த நாலைந்து மணி நேரத்தில் கண்டென்சரை மாற்றினார், டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தார், எர்த் ஒயரை மோட்டார் குழாய்வரை இழுத்தார். வெளி இரைச்சல் எதுவும் ஒட்டாமலிருக்க, பால்ராஜின் யோசனைப்படி பிரியாணி குண்டானையும் வால்வ்கள் மேல் கவிழ்த்தாயிற்று.

குண்டானைத் தேடிக்கொண்டு சம்பந்தத்தின் மனைவி சுலோசனா வந்தாள். “இன்னாய்யா கூத்து இது? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே!”

“உனுக்கு சீரியல் காது. எங்களுக்குப் பாம்புக் காது” என்றார் சம்பந்தம்.

சும்மா சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெனரேட்டர்களைக் காது கிழிய ஓடவிட்டுச் சோதிக்கும் ஷெட்டில், ரிட்டையர் ஆகும்வரை ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள் இருவரும். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வார்கள்.

“ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணி பாலு திரிஞ்சி போச்சி, மீன் கொழம்பு நாறுது” என்று சுலோசனா இடுப்பில் கை வைத்தாள். “பொழுது சாயறதுக்குள்ள இத்த முடிக்கல, பொட்டி காயலாங்கடைக்குத்தான்!”

சம்பந்தம் பெட்டிக்கு முன்னால் வந்து மறித்து நின்றார். சொன்னால் செய்துவிடுகிற பொம்பளை. ஆசை ஆசையாய்ச் செய்ததை எடைக்குப் போடுவதா?

“ரெண்டாவது வால்வுதான் மாமே. உள்ள வண்டு பூந்தாப்ல கீது பாரு” என்றார் பால்ராஜ்.

“போய்யா! டிரான்ஸ்ஃபார்மர்தான் அயுவுது.”

ஃபேன் காற்றிலும் வியர்த்து வழிய, இருவரும் குண்டானில் காதை வைத்துச் சண்டை போட்டார்கள். டீயோடு வந்த சுலோசனா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“கரண்டு போயி அரை மணி ஆச்சி. ஃபேனு இன்வர்ட்டர்ல ஓடுது. அந்தப் பொட்டிக்கு ஏது கரண்டு?”

சம்பந்தம் வெடுக்கென்று குண்டானைத் தூக்கினார். வால்வ்கள் அணைந்து ஜில்லிட்டுக் கிடந்தன. ‘ங்ங்ங்’ மட்டும் நிற்கவில்லை.

மெல்ல நண்பர் பக்கம் திரும்பினார். பால்ராஜ் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.

“பொத்துனாலும் கேக்குது மாமே!”