தனக்கென்று ஒன்று

"தேர்தல்ல தோத்தா என்ன பண்ணணும் தலைவரே?"

"அன்னைக்கே ஜெயிச்சவங்க வாசலுக்குப் போய்க் கை குடுக்கணும். இன்னொண்ணும் கேட்டுக்கோ. ஜெயிச்சாலும் தோத்தாலும், தலைவன் தனக்குன்னு யார்கிட்டயும் எதையும் கேக்கக் கூடாது."

கட்சியில் சேர்ந்த புதிதில் 'மைக்' என்கிற தொண்டன் கேட்டதும், அதற்குத் தலைவர் சொன்னதும் அது. மேடையில் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்து போயிற்று. தலைவர் தோற்றதே இல்லை.

இன்று தோற்றார்.

"வண்டியை எடுப்பா. போய் வாழ்த்திட்டு வந்துடலாம்."

"இன்னைக்கு வேணாம் தலைவரே. ஜெயிச்ச டாக்டரம்மா ஆளுங்க ஆட்டம் போட்டுக்கிட்டு இருப்பானுங்க. அவமானப்படுத்துவானுங்க."

"பட்டா தேய்ஞ்சா போயிடுவேன்? ஊருக்குச் சொன்னது எனக்கு மட்டும் கிடையாதா?"

மைக் வண்டியை எடுத்தான். வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"வேற யாராவது பேசியிருந்தாலும் பொறுத்துக்கலாம். அவங்களே பேசலாமா? 'பக்கத்துல கூப்பிடுற குரலே காதுல விழாதவருக்கு ஊர்க்குரலா விழப்போகுது?'ன்னு மேடைக்கு மேடை... வயிறு எரியுது தலைவரே."

"பொய் சொல்லலையேப்பா."

மைக் டாக்டரம்மாவின் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினான்.

முன்புறம் கிளினிக், பின்புறம் வீடு. கொடியும் கூச்சலுமாக நின்ற கூட்டம் தலைவரைக் கண்டதும் அடங்கி வழிவிட்டது.

"வழி இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்!" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

மைக் கதவைத் தட்டப் போனான். தலைவர் அவனை விலக்கிவிட்டுத் தானே தட்டினார்.

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார் டாக்டரம்மா. ஜெயித்த நாளிலும் காத்திருந்த நோயாளிகளை அவர் திருப்பி அனுப்பவில்லை.

"வாழ்த்துகள் டாக்டர். நியாயமா ஜெயிச்சிருக்கீங்க."

"நன்றிங்க."

கை குலுக்கினார்கள். வந்த வேலை முடிந்தது என்று மைக் வண்டிப் பக்கம் திரும்பினான். தலைவர் நகரவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"எனக்குன்னு ஒண்ணு கேக்கலாமா?"

மைக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தலைவரே, நீங்க போய்..." என்று இழுத்தான்.

"இனிமே நான் தலைவன் இல்லைப்பா. கேக்கலாம்."

டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்கம்மா கண்ணை மூடினப்பவும் நான் மேடையிலதான் இருந்தேன். அன்னைக்கு நீ சாத்தின கதவு... அப்பா உள்ள வரலாமாம்மா?"