காட்டம் பத்தல

கலையரசி வீட்டுக்குள் டமார் என்று ஏதோ வெடித்தது.

சத்தம் அடங்குவதற்குள் நான் அவள் அடுப்படியில் நின்றேன், கையில் தோசைக்கரண்டியோடு. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கால்தான் அது பாட்டுக்கு வந்துவிட்டது.

வெடித்தது சிலிண்டர் இல்லை.

சுவரெல்லாம் பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது. தரையில் பாட்டில் சில்லுகள். மேடையில் ஒரு பெரிய ஜாடி, வெள்ளைத் துணியால் வாய் கட்டியிருந்தது. உள்ளே வெல்லத் தண்ணீர் சின்னச் சின்னக் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது. அடியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி என்னவோ.

அப்புறம்தான் வாசனை ஏறியது.

எங்கள் பக்கத்து மூக்குக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்வராயன் மலை ஓடையோரத்தில் போலீஸ்காரர்கள் பேரல் பேரலாகக் கவிழ்த்துக் கொட்டுவார்களே, அந்தச் சாராய ஊறலின் வாசனை.

வேறு எந்த வீடாக இருந்தாலும் பரவாயில்லை. கலையரசி புருஷன் பழனி வீட்டிலா!

விஷச் சாராயம் குடித்தவர்களை எங்கள் தெருவிலிருந்து பாடை மேல் பாடையாக எடுத்துப்போன போது, ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பியவன் அவன் ஒருவன்தான். உயிரை விட்டுவைத்துக் கண் இரண்டையும் எடுத்துக்கொண்டது அந்தச் சனியன். அவன் பொண்டாட்டி வீட்டுக்குள்ளேயே ஊறல் போடுகிறாள்!

அந்த மகராசன் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் டம்ளர். மீசையில் நுரை.

“இன்னா சத்தம் கலை?”

“ஒண்ணுமில்ல. எழுந்திரிக்காதீங்க, கண்ணாடி செதறிக் கெடக்குது.”

அதற்குள் வாசல் நிரம்பிவிட்டது. எங்கள் தெருவில் என்னைத் தவிர எல்லோருக்கும் அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதுதான் வேலை.

முன்னால் நின்றது ஆதிமூலம். அதே சாராயத்துக்குப் பெற்ற பிள்ளையைக் கொடுத்த மனுஷன். வாசனை பட்டதும் அவர் முகம் கோணிக்கொண்டு போனது. செல்போனை எடுத்துவிட்டார்.

“ஏம்மா, இவன் கண்ணு போனது பத்தாதா? இன்னும் எத்தினி வூட்ல எழவு விழணும்? இன்னா அது, வாயத் தொறந்து சொல்லு. இல்லாங்காட்டி போலீசுக்குப் போடறேன்.”

கலையரசி அவரைப் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையும் களவுமாக அகப்பட்டவள் என்னத்தைப் பேசுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவளைப் பிடித்து அடுப்படி மூலைக்கு இழுத்தேன். அவள் உதடு என் கம்மலில் படுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“சாராயம் இல்லக்கா. கெஃபிர்னு சொல்லுவாங்க. தங்கச்சி பொண்ணு அபிநயா சென்னைலேர்ந்து எடுத்தாந்தா. வெல்லத்தண்ணில போட்டா சோடா மாரி புளிச்சிக்கும், போத ஏறாது. அவருகிட்ட சரக்குன்னு சொல்லித்தான் ஊத்தறேன். இல்லன்னா சொவுத்தத் தடவிக்கினே வெளிய சாராயம் தேடிக்கினு போயிடறாரு. நேத்து காட்டம் பத்தலன்னாரு. அதான் பாட்டில்ல ஊத்தி மூடிய இறுக்கி வெச்சேன், வெடிச்சிட்ச்சி.”

“அத்த ஆதிமூலத்துகிட்ட சொல்லித் தொலையேண்டி!”

தலையை ஆட்டினாள். கண்ணால் முன்னறையைக் காட்டினாள்.

அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஆதிமூலத்தின் காதில் விழுகிற எதுவும் பழனியின் காதிலும் விழும். சொன்னால் இவள் தப்பிப்பாள். அவன் மறுபடியும் சுவரைத் தடவிக்கொண்டு கிளம்புவான். சொல்லாவிட்டால் ஜீப்பில் ஏறவேண்டும். ஏறுவதற்கு அவள் தயாராகத்தான் நின்றாள்.

எனக்கோ அடுத்த தெருவரை கேட்கும் தொண்டை. அதில் முதன்முதலாக ஒரு சேதி மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டு நின்றது.

ஆதிமூலம் போனைக் காதில் வைத்தார். மணி அடிப்பது எனக்கே கேட்டது.

“போன வைங்க மாமா.”

பழனியின் குரல்.

“வெறும் வெல்லத்தண்ணி அது. வேணும்னா குடிச்சிப் பாருங்க.” டம்ளரை வாசல் பக்கம் நீட்டினான். “எனக்குக் கண்ணுதான் போச்சி. நாக்கு இருக்குது.”

கலையரசி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. நான் கத்தவில்லை.

ஆதிமூலம் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். ஒரு வாய் வைத்தார். புளிப்பில் கண்ணைச் சுருக்கினார். சுருக்கிய கண்ணை வெகுநேரம் திறக்கவில்லை. பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, காலி டம்ளரைப் பழனியின் விரல்களுக்குள் வைத்து மூடினார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவர் பின்னாலேயே கூட்டமும் கலைந்தது.

நான் மட்டும் கிளம்பவில்லை. சில்லு பொறுக்க ஆள் வேண்டாமா?

கலையரசி துடைப்பத்தைத் தேடுவது போல, அது சாத்தியிருந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழனி டம்ளரை மறுபடி நீட்டினான், அவள் இருப்பதாக நினைத்து நான் நின்ற பக்கம்.

“கலை, இன்னும் கொஞ்சம் சரக்கு ஊத்து. இன்னிக்கி காட்டம் ஜாஸ்திதான்.”

நான் மூச்சுக்காட்டாமல் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டேன்.