ஆப்ட் ஃபோல்டரில் இருந்த படங்கள்

மூலக்குளத்து ஸ்கேன் சென்டரில் கிழிந்த திரைச்சீலை வழியே மத்தியான வெயில் கீபோர்டில் விழுகிறது. பழைய சாஃப்ட்வேரை நீக்கிப் புதியதைப் போட்ட கம்ப்யூட்டர் மெக்கானிக் கிளாட்வின் கம்ப்யூட்டரையே வெறிக்கிறான். இன்று எடுத்த படம் மட்டும்தான் அதில் இருக்கிறது. "பழைய படம்லாம் எங்க வச்ச?" "ஆப்ட்ல, சாஃப்ட்வேரோட ஃபோல்டர்லயே. எடுக்க ஈசின்னு," என்கிறாள் டெக்னீஷியன் ஜாஸ்லின். "லினக்ஸ்ல அது சாஃப்ட்வேரோட எடம். அத தூக்கினா ஃபோல்டரோட படமும் போயிடும். நம்ம ஃபைல் வைக்கிற ஹோம் ஃபோல்டர்ல ஒரு காப்பி கூடவா வைக்கல?" "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தூக்கியிருக்கலாம்ல?" ஏசியிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டுகிறது. முடி கொட்டிய தலையில் துண்டு கட்டிய அஞ்சலாட்சி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். "போன தடவைக்கு இப்ப கட்டி கொறஞ்சிருக்காம்மா?" ஜாஸ்லின் அஞ்சலாட்சியின் புதுப் படத்தில் கட்டி தெரியும் வெள்ளைப் புள்ளியைப் பெரிதாக்குகிறாள், பெரிதாக்கிக்கொண்டே இருக்கிறாள்.