காசிக்குப் போன மாப்பிள்ளை

மாப்பிள்ளை நிற்கவில்லை.

மண்டபத்து வாசல்வரை நடந்து, அங்கே நின்று, பெண்ணைப் பெற்றவர் கூப்பிட்டதும் திரும்பிவிட வேண்டும். காசி யாத்திரை என்றால் அவ்வளவுதான். புதுச் செருப்பில் தூசி படுவதற்குள் சந்நியாசம் முடிந்துவிடும்.

இவன் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டான்.

கண்ணில் மை, தலைக்கு மேல் குடை, கையில் தடி, தோளில் அரிசியும் பருப்பும் முடிந்த சின்ன மூட்டை. விடிந்தும் விடியாத நேரம். பனி இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. அவன் நடந்த நிதானத்தைப் பார்த்தால், நிஜமாகவே எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிறவன் மாதிரிதான் இருந்தது.

"மாப்பிள்ளை! நில்லுங்க!"

கையில் தேங்காயோடு பின்னால் ஓடினார் பெண்ணின் அப்பா. அச்சகம் நடத்துகிறவர். முப்பது வருஷமாக ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை அடித்துக் கொடுத்தவர். தன் வீட்டுக் கல்யாணத்தில் இப்படித் தெருவில் ஓடுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"காசிக்குப் போக வேண்டாம், என் பொண்ணைத் தர்றேன், வாங்க!" சொல்ல வேண்டியதை மூச்சு வாங்கச் சொல்லிப் பார்த்தார்.

குடை திரும்பவில்லை.

நாதஸ்வரக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் வாசித்துக்கொண்டே பின்னால் போனார். தவில்காரர் அவர் பின்னால் போனார். மேளம் போனதால் கல்யாணக் கூட்டமும் போனது. வழியெல்லாம் ஜன்னல்கள் திறந்தன. தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்தவர்கள், பனிக்குள் ஒரு குடையும் பட்டுப் புடவைகளும் மிதந்து போவதைப் பார்த்து, கனவுதான் என்று மறுபடி போய்ப் படுத்திருப்பார்கள்.

"மாப்பிள்ளை முறுக்கு கேள்விப்பட்டிருக்கேன். நடுத்தெருவுல வந்து முறுக்கிக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார் பெண்ணின் மாமா. "கார் கேட்டு அடம் பிடிக்கிறான். வேணும்னா எழுதி வச்சுக்குங்க."

"காரும் இல்ல, தேரும் இல்ல. மனசுல வேற எவளோ இருக்கா. நிஜமாவே ஓடுறான்," என்றாள் அத்தை.

"சாஸ்திரத்துல வாசல் வரைக்கும்தான் சொல்லியிருக்கு!" புரோகிதர் பின்னாலிருந்து கத்தினார். "முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கு!"

பூ வைத்து, மை எழுதி, அறையில் காத்திருக்கும் மகளின் முகம் அப்பாவின் கண்ணுக்குள் வந்தது. தனியாகத் திரும்பிப் போனால் அவளிடம் என்ன சொல்வது?

"மாப்பிள்ளை, நாங்க ஏதாவது குறை வச்சிட்டோமா? வாய்விட்டுச் சொல்லுங்க. வேணும்னா உங்க கால்ல விழறேன்."

அதற்கு மட்டும் அவன் திரும்பினான்.

"ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம் மாமா. இன்னும் ரெண்டு கட்டடம்தான்."

தெருமுனையில் ஷட்டர் போட்டிருந்த ஒரு பேக்கரிக்கு முன்னால் போய் நின்றான்.

அப்பாவின் முகம் இறுகியது. அது அவருடைய மகனின் கடை. அவன் குடியிருப்பதும் அதன் பின்கட்டில்தான். அச்சகத்தில் உட்கார மாட்டேன், ரொட்டி சுடப் போகிறேன் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்றவன். 'எனக்கு மகனே கிடையாது' என்று அன்றைக்குச் சொன்னவர், மகள் கல்யாணப் பத்திரிகையிலும் அவன் பெயரைப் போடவில்லை.

மாப்பிள்ளை புரோகிதரைப் பார்த்தான்.

"சாமி, காசிக்குப் போறவனை யார் தடுத்துக் கூப்பிடணும்னு நேத்து சொன்னீங்க?"

"பொண்ணோட கூடப்பிறந்தவன். நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றவன் அவன்தானே? அப்படி ஒருத்தன் இல்லேன்னா அப்பா கூப்பிடலாம்."

"அதான் இருக்காரே." அவன் மாமனாரிடம் திரும்பினான். "மூணு நாளா அவ சரியா சாப்பிடலை மாமா. அண்ணன் இல்லாம மணையில உட்காரணுமேன்னு அழறா. உங்ககிட்ட சொல்லப் பயம். நான் வந்து கேட்டிருந்தா நீங்க ஒரே வார்த்தையில முடிச்சிருப்பீங்க. அதான் நடந்தே வந்துட்டேன்."

கார் என்று அடித்துச் சொன்ன பெண்ணின் மாமா வேறு பக்கம் பார்த்தார்.

அப்பா இறங்கி வரவில்லை. "அக்கறை இருந்தா அவனே வந்திருக்க மாட்டானா? தங்கச்சிக்குக் கல்யாணம்னு ஒரு எட்டு எட்டிப் பார்த்தானா? அவனுக்கு அவன் அடுப்புதான் பெரிசு. இன்னைக்கும் உள்ளே ரொட்டிதான் சுட்டுக்கிட்டிருப்பான்!"

மாப்பிள்ளை தடியை நீட்டி ஷட்டரைக் காட்டினான். அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் போனார். ஆயிரமாயிரம் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திய கண்கள்தான். ஆனாலும் இந்தக் கையெழுத்தை ஒரு தடவை படித்தது அவருக்குப் போதவில்லை.

'எங்கள் வீட்டில் கல்யாணம். இன்று கடை விடுமுறை.'

நாதஸ்வரம் தானாக நின்றது.

அப்பா தேங்காயைப் பெண்ணின் மாமா கையில் திணித்தார். இரண்டு கைகளாலும் ஷட்டரைத் தடதடவென்று தட்டினார்.

"டேய்... திறடா! மாப்பிள்ளை காசிக்குப் போறாருடா, ஓடி வந்து தடுடா!"