தண்ணீர் நிற்காத மண்

நிலத்தை வாங்கலாமா என்று இன்றே தெரிந்தாக வேண்டும் என்று மண்ணோடு வந்திருந்தார் தாராவி ஜெயினுலாப்தீன். செம்பூர் பரிசோதனைக்கூடத்தில் மண்ணில் லேசர் பட்டுப் பொறி பறந்தது. பொறியின் ஒளியைப் படித்த கருவி உடனே முடிவைக் காட்டியது. அதைப் பார்த்த பரிசோதகர் கோகிலவாணிக்குச் சங்கடமாகிவிட்டது.

“வெறும் மணல்தான், பாய். களி பேருக்குத்தான் இருக்கு. ஊத்துற தண்ணி நிக்காது. ஒரு வெள்ளாமையும் வராது. வாங்காதீங்க.”

“நிக்கவே நிக்காதா, தாயி?” அவர் முகம் மலர்ந்தது.

“நிக்காதுன்னு சொல்றேன், சிரிக்கிறீங்களே!”

அவர் செல்போனை எடுத்து மகனை அழைத்தார். “ஹாதி, சாயங்காலமே பத்திரத்தை முடிச்சிருவோம்.”

பிறகு அவளிடம் திரும்பினார்.

“எங்க ஜமாத்துக்குப் புது கபர்ஸ்தான், தாயி. பழைய இடம் களிமண்ணு. போன மழையில, குழியில ஊறின தண்ணியை இறைச்சு இறைச்சுத்தான் எங்க உம்மாவை அடக்கினோம்.”